தாங்குதிறன் மரபணு ஆய்வும் குளுவாங் செம்பனை மரபு வளமும்: எங்கள் நிலைப்பாடு

கேள்வி

மழை பொய்த்தாலும், வெள்ளம் தேங்கினாலும், வேர்வழியே பூஞ்சை புகுந்தாலும் ஒரு பயிர் தன்னைக் காத்துக்கொள்ள எந்த மரபணுக்களை இயக்குகிறது? பருத்தி, நெல், செம்பனை என்று பல பயிர்களில் இந்த ஆய்வு பெருகி வருகிறது. அதன் பலன் எந்த வழியில், யாருக்கு வந்து சேர வேண்டும் என்பதில் சிறு தோட்டக்காரர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் வட்டாரத்தில் செம்பனையை நம்பி வாழும் குடும்பங்களின் சங்கம் என்ற முறையில் எங்கள் கருத்தை முன்வைக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு

செம்பனையின் தாங்குதிறன் மரபணு ஆய்வை ஆதரிக்கிறோம். அரசு அதற்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்றும் கோருகிறோம். ஆனால் அந்த ஆய்வுக்கு அடித்தளம், பல நாடுகளிலிருந்து விதை திரட்டிக் குளுவாங் மண்ணில் வளர்த்த மரங்கள். அவற்றில் குலை சிறுத்தவற்றையும் சேர்த்துக் காப்பது முதல் கடமை. கணினியில் கண்டறிந்த மரபணுவை நிலத்தில் சோதிப்பது இரண்டாம் கடமை. தேறிய கன்றைச் சிறு தோட்டக்காரருக்கும் எட்டும் விலையில் சேர்ப்பது மூன்றாம் கடமை. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் ஆய்வு பாதியில் நின்றதாகவே கொள்வோம்.

குளுவாங்கில் இருப்பது என்ன

1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. கொட்டை ஓடு தடித்த டெலி டூரா என்ற வகை அவற்றின் வழிவந்தது. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிய மலேசியாவின் வணிகச் சாகுபடி இந்த வம்சத்தை நம்பியே வளர்ந்தது. இன்று நாம் நடும், ஓடு மெலிந்து எண்ணெய் கூடிய தெனேரா கன்றுகளின் தாய் மரமும் பெரும்பாலும் டெலி டூராதான். லட்சக்கணக்கான ஏக்கருக்கு இவ்வளவு குறுகிய தாய்வழி என்பது பெரிய ஆபத்து.

இதை உணர்ந்த மலேசிய விஞ்ஞானிகள் 1973இல் நைஜீரியாவுக்குச் சென்று, 45 இடங்களில் 919 மரங்களின் குலைகளைத் திரட்டினர். அடுத்த இருபது ஆண்டுகளில் கேமரூன், அன்றைய சயீர், தான்சானியா, மடகாஸ்கர், அங்கோலா, செனகல், காம்பியா முதலிய நாடுகளுக்கும், அமெரிக்க இனச் செம்பனையைத் தேடி மத்திய, தென் அமெரிக்க நாடுகளுக்கும் பயணங்கள் தொடர்ந்தன. முனைவர் என். ராஜநாயுடு இம்முயற்சியின் முன்னோடிகளில் ஒருவர். இப்படி வந்த விதைகளில் முளைத்த மரங்கள் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் குளுவாங் ஆய்வு நிலையத்தில் நிற்கின்றன. உலகின் மிகப் பெரிய செம்பனை மரபு வளத் திரட்டு இதுதான். நெல் விதையைப் போலச் செம்பனை விதையைப் பல பத்தாண்டுகள் குளிரறையில் வைத்துக் காப்பது எளிதல்ல. அதனால்தான் இந்தத் திரட்டு மரங்களாகவே காக்கப்படுகிறது.

இப்போது ஏன் அவசரம்

செம்பனைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை வேண்டும். அதுவும் மாதந்தோறும் பரவலாகப் பெய்ய வேண்டும். நீர் குறைந்தால் குருத்தோலைகள் விரியாமல் நிற்கும், பெண்பூ குறைந்து ஆண்பூ கூடும், வந்த பெண்பூக்களிலும் பல கருகிப் போகும். ஒரு பூ ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுக்கு ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே வறட்சி முடிந்து மழை பெய்த பிறகும் குலை குறைந்துகொண்டே போகும். 2015ஆம் ஆண்டு எல் நினோவுக்குப் பின் மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 19.96 மில்லியன் டன்னிலிருந்து 2016இல் 17.32 மில்லியன் டன்னாகச் சரிந்தது. குலைக் கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளியும், சில ஏக்கர் மட்டுமே உள்ள தோட்டக்காரரும் இந்தச் சரிவை வீட்டுச் செலவில் உணர்ந்தனர்.

வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. 2006 டிசம்பர், 2007 ஜனவரி மாதங்களிலும், 2023 மார்ச்சிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளம் குளுவாங் மாவட்டத்தையும் விடவில்லை. இவற்றோடு, அடித்தண்டை அழுகச் செய்யும் கன்னோடெர்மா பூஞ்சை முற்றிய மரங்களைச் சாய்க்கிறது. செம்பனையை ஒருமுறை நட்டால் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அதனோடுதான் வாழ வேண்டும். இன்று நடும் கன்று 2050ஆம் ஆண்டின் வெயிலையும் தாங்கியாக வேண்டும்.

மரபணுக் குடும்பங்கள் சொல்லும் பாடம்

ஒரே மூதாதை மரபணுவிலிருந்து பெருகி, ஒத்த அமைப்புடன் வெவ்வேறு வேலை பார்க்கும் மரபணுக்களின் தொகுதியே மரபணுக் குடும்பம். டபிள்யூ.ஆர்.கே.ஒய்., என்.ஏ.சி., ஈ.ஆர்.எஃப். ஆகிய குடும்பங்களின் புரதங்கள் வறட்சி, உப்பு, வெள்ளம், நோய் வரும்போது மற்ற மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்கின்றன. பருத்தியில் இந்த ஆய்வு வெகுதூரம் போயிருக்கிறது. நாம் உடுத்தும் பருத்தியின் பெரும்பகுதியைத் தரும் அமெரிக்க இனம் இரண்டு மூதாதைகளின் மரபணுத் தொகுதிகளையும் சுமப்பதால், அதில் டபிள்யூ.ஆர்.கே.ஒய். குடும்பத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. அந்தப் பருத்தி இனத்தின் முழு மரபணு வரிசை 2015இல் வெளியானது.

ஆயினும் 1990களில் பாகிஸ்தானிலும் வடமேற்கு இந்தியாவிலும் இலைச்சுருட்டு வைரஸ் அமெரிக்கப் பருத்தியைத் தாக்கியபோது எதிர்த்து நின்றது நாட்டுப் பருத்தி இனம்தான். தமிழ்நாட்டின் கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி அந்த இனத்தைச் சேர்ந்தது. இழை குட்டை, விளைச்சல் குறைவு என்று வயல்களிலிருந்து விலக்கப்பட்ட இனம் அது.

நெல்லிலும் இதையே கண்டோம். ஒடிசாவின் பழைய ரகமான எஃப்.ஆர். 13ஏ விளைச்சலில் பின்தங்கியது. ஆனால் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். அந்தத் திறனுக்குக் காரணமான, ஈ.ஆர்.எஃப். குடும்பத்தைச் சேர்ந்த மரபணுவை 2006இல் கண்டறிந்தனர். 2009இல் அது ஸ்வர்ணா சப்1 என்ற ரகமாக இந்திய விவசாயிகளின் கைக்கு வந்தது. பின்னர் காவிரிப் படுகையில் விரும்பிப் பயிரிடும் சி.ஆர். 1009 ரகத்திலும் அது சேர்க்கப்பட்டது. மரபணு வரிசையைப் படித்ததால் மட்டும் இது நடக்கவில்லை. விளைச்சல் குறைந்த ரகத்தையும் தூக்கி எறியாமல் யாரோ காத்து வைத்திருந்தார்கள்.

குளுவாங்கிலும் அப்படிப்பட்ட மரங்கள் உள்ளன. வறண்ட மாதங்கள் அதிகமுள்ள செனகல், காம்பியா மரங்களின் குலையும் பழமும் சிறியவை. எண்ணெய்க் கணக்கு மட்டும் பார்த்தால் முதலில் வெட்டத் தோன்றுவது அவற்றைத்தான். வறட்சியைத் தாங்கும் மரபணுவை முதலில் தேட வேண்டிய இடமும் அவைதான்.

ஆய்வு தோட்டத்தை எட்ட வேண்டும்

செம்பனையின் மரபணு வரிசையை மலேசியாவே முன்னின்று படித்தது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. முனைவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்ட வாரியத்தின் விஞ்ஞானிகள் 2013இல் ஏறத்தாழ 34,800 மரபணுக்களைக் கொண்ட அந்த வரிசையை வெளியிட்டனர். கொட்டை ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவும் அப்போதே அடையாளம் காணப்பட்டது. அதன் பயனாக, கன்று நாற்றங்காலில் இருக்கும்போதே சிறிது இலையைச் சோதித்து டூராவா தெனேராவா என்று சொல்லிவிடலாம். ஆனால் 2016இல் வெளியான ஆய்வு, மலேசியாவின் தனியார் சிறு தோட்டத் துறையில் சுமார் 11 விழுக்காடு மரங்கள் தெனேரா அல்ல என்று காட்டியது. தெனேரா என்று நம்பி நட்டவர் 25 ஆண்டுகள் குறைந்த எண்ணெயோடு காலம் தள்ள வேண்டியிருக்கிறது. தாங்குதிறன் மரபணுவிலும் இந்த இடைவெளி தொடரக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

1. குளுவாங் மரபு வள நிலத்துக்கு நிரந்தரப் பாதுகாப்பு வேண்டும். அது எக்காரணத்துக்காகவும் வேறு பயன்பாட்டுக்குத் திருப்பப்படக் கூடாது.

2. முதிர்ந்தும் நோயுற்றும் சாயும் ஒவ்வொரு மரத்தின் வம்சமும் மறுநடவில் தொடர வேண்டும். வேறிடத்தில் மாற்று நடவும், மகரந்தம், கரு ஆகியவற்றின் உறைநிலைச் சேமிப்பும் உறுதி செய்யப்பட வேண்டும்.

3. நாற்றுகளைச் சில நாள் நீரின்றி வைத்துப் பார்க்கும் சோதனை தொடக்கம் மட்டுமே. வறட்சியிலும் வெள்ளத்திலும் முழு வளர்ச்சி அடைந்த மரங்கள் எப்படிக் காய்க்கின்றன என்று பல ஆண்டுகள் அளந்த பிறகே ஒரு வகையைத் தாங்குதிறன் உள்ளது என அறிவிக்க வேண்டும்.

4. பொதுப்பணத்தில் கண்டறிந்த மரபணுக் குறியீடுகள் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும்.

5. சிறு தோட்டக்காரர்கள் வாங்கும் கன்றுகளுக்கு இலைச் சோதனைச் சான்றை அரசு மானியத்தில் தர வேண்டும்.

6. விதை தந்த ஆப்பிரிக்க, அமெரிக்க நாடுகளுடன் ஆய்வின் பலனைப் பகிர வேண்டும். உயிரியல் வளங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை உடைய மலேசியா இதில் முன்மாதிரியாக நிற்க முடியும்.

எங்கள் பங்கு

கோருவதோடு நாங்கள் நிற்கவில்லை. எங்கள் உறுப்பினர்களின் நிலங்களில் கள ஆய்வுக்கு இடம் தரத் தயாராக இருக்கிறோம். எந்த மரம் வறண்ட மாதங்களிலும் குலை தள்ளுகிறது, எது வெள்ளம் வடிந்ததும் தேறுகிறது என்பதை அறுவடைத் தொழிலாளி அன்றாடம் பார்க்கிறார். அந்தக் கவனிப்பை மாதந்தோறும் பதிவு செய்து ஆய்வாளர்களிடம் ஒப்படைப்போம். வாரியமும் வேளாண் துறையும் எங்களை ஆய்வில் பங்காளிகளாக ஏற்று, முதல் கூட்டத்தைக் குளுவாங்கிலேயே கூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.