என்ஜினுக்கு எந்த ஆயில்?

ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. ஆலைகள் பெருகிய இவ்வட்டாரத்தில் ஏரிப் பாசன உழவர்களும் இருக்கிறார்கள். கடையில் கார் ஆயிலும் லாரி ஆயிலும் அடுக்கியிருக்க, டிராக்டருக்கு எதை வாங்குவது?

விலை கூடியதே நல்லது என்ற எண்ணம் சரியல்ல. டப்பாவிலுள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ.பி.ஐ. தரத்தில் ‘எஸ்’ எனத் தொடங்குவது பெட்ரோல் என்ஜினுக்கு. ‘சி’ எனத் தொடங்குவது டீசல் என்ஜினுக்கு. டிராக்டருக்கும் டீசல் பம்புசெட்டுக்கும் ‘சி’ வகையே வேண்டும். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்பவை ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டுமே தவிர, தரத்தை அல்ல. எது பொருந்தும் என்பதை என்ஜினுடன் தந்த கைப்புத்தகம் சொல்லும்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். புகைக்கரி எங்கும் படியாமல் தன்னுள் தாங்கி வைத்துக்கொள்வதால்தான் அது கறுக்கிறது. நிறத்தைப் பார்க்காமல், என்ஜின் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து மாற்றுங்கள். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள். ஏர் கிளீனரைத் தாண்டி உழவுப் புழுதி உள்ளே போனால், எந்த ஆயிலும் பிஸ்டன் ரிங்கைக் காப்பாற்றாது.

பெயரில்லாமல் அளந்து விற்கும் ஆயிலில் மிச்சமாகும் பணம், நடவு நேரத்தில் என்ஜின் நின்றால் ஒரே நாளில் போய்விடும். முத்திரை உடையாத டப்பாவை, ரசீதுடன் வாங்குவதே உழவருக்கு லாபம்.