நியூயார்க்கின் லத்தீன் மக்களும் மேயர் மம்தானி சுமக்கும் அமானிதமும்

2026 ஜனவரி 1 அன்று நியூயார்க் நகரின் மேயராக ஸொஹ்ரான் மம்தானி பொறுப்பேற்றார். அந்நகரின் வரலாற்றில் முஸ்லிம் ஒருவர் மேயராவது இதுவே முதல் முறை. குர்ஆன் மீது கை வைத்து அவர் உறுதிமொழி எடுத்த படம் உலகெங்கும் உள்ள முஸ்லிம்களின் கைப்பேசிகளில் வலம் வந்தது. அந்த மகிழ்ச்சி இயல்பானதே.

ஆனால் ஒரு முஸ்லிம் மேயரின் ஆட்சி எப்படி இருக்கிறது என்பதை அறிய நாம் பள்ளிவாசல்களின் பக்கம் மட்டும் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது. அந்நகரின் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் வாழும் தெருக்களையும் பார்க்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நியூயார்க்கின் 88 லட்சம் மக்களில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இவர்கள். நூற்றுக்கு 28 பேர்.

இதை மம்தானியும் அறியாதவர் அல்லர். தேர்தல் பரப்புரையில் ஸ்பானிஷ் மொழியில் காணொளி வெளியிட்டார். வெற்றி உரையில் யமன் நாட்டு மளிகைக் கடைக்காரர்களைக் குறிப்பிட்ட அதே மூச்சில் மெக்சிகோ பாட்டிமார்களையும் குறிப்பிட்டார். வெற்றி பெற்ற அதே வாரத்தில், நியூயார்க்கின் லத்தீன் அரசியல் தலைவர்கள் ஆண்டுதோறும் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் கூடும் 'சோமோஸ்' மாநாட்டுக்கும் சென்றார். நல்ல தொடக்கம்தான். ஆனால் மக்களைத் தேடிச் செல்வது வேறு, தேடிச் சென்ற பின் அவர்கள் நம்பிக் கதவைத் திறப்பது வேறு. அந்த இரண்டாவதில்தான் அமெரிக்க மாநகராட்சிகள் மீண்டும் மீண்டும் தடுமாறியிருக்கின்றன.

ஒரே பெயர், பல மக்கள்

'லத்தீன் சமூகம்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உண்மையில் அவர்கள் ஒரே நிலையில் உள்ளவர்கள் அல்லர். புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களுக்கு விசா பயம் கிடையாது. நல்ல வீடும் வேலையும்தான் அவர்களின் தேவை. டொமினிகன் குடியரசிலிருந்து வந்தவர்களில் பலர் குடியுரிமை பெற்று வாக்காளர்களாகிவிட்டனர். மெக்சிகோ, ஈக்வடார், குவாத்தமாலா நாடுகளிலிருந்து வந்தவர்களில் கணிசமானோர் ஆவணமற்றவர்கள். உணவகச் சமையலறை, கட்டுமானம், வீட்டு வேலை, உணவு விநியோகம் எனக் கடினமான வேலைகளை இவர்களே செய்கிறார்கள்.

இந்த மூன்றாம் பிரிவினருக்கு வாக்கில்லை. குடியுரிமை இல்லாத, ஆனால் சட்டப்படி தங்கியிருக்கும் சுமார் 8 லட்சம் பேருக்கு நகரத் தேர்தல்களில் வாக்குரிமை அளிக்க 2022இல் ஒரு சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வராமலேயே 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் ரத்தானது. சட்டப்படி தங்கியிருப்போருக்கே இந்த நிலை என்றால் ஆவணமற்றவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வாக்கு உள்ளவனைத் தேடி அரசியல்வாதி தானாகவே வருவான். வாக்கற்றவனுக்கோ ஆட்சியாளரின் மனசாட்சி ஒன்றே துணை. இதைத்தான் இஸ்லாம் அமானிதம் என்கிறது.

அட்டை கொடுத்தார்கள், அச்சமும் வந்தது

மாநகராட்சி ஒரு நல்ல காரியம் செய்யப் போய் அதுவே மக்களுக்கு ஆபத்தாக மாறக்கூடும் என்பதற்கு அடையாள அட்டையின் கதை சான்று.

கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரம் 2007இல் குடியேற்ற நிலையைக் கேட்காமல் எல்லாக் குடியிருப்பாளர்களுக்கும் அட்டை வழங்கத் தீர்மானித்தது. அமெரிக்காவில் அதுவே முதல் முயற்சி. ஜூன் 4 அன்று நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. இரண்டே நாட்களில், லத்தீன் மக்கள் வாழும் ஃபேர் ஹேவன் பகுதியில் மத்தியக் குடியேற்ற அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து சுமார் 30 பேரைக் கைது செய்தனர். ஆனாலும் நகர நிர்வாகம் பின்வாங்கவில்லை. அடுத்த மாதமே அட்டை வழங்கத் தொடங்கியது. மக்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

நியூயார்க் 2015 ஜனவரியில் 'ஐடிஎன்ஒய்சி' என்ற தனது அட்டையைத் தொடங்கியது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, தூதரக அட்டை போன்றவற்றைக் காட்டியே இதைப் பெறலாம். குழந்தையின் பள்ளிக்குள் நுழைய, நூலகத்தைப் பயன்படுத்த, காவலர் கேட்டால் காட்ட இது உதவும். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இதைப் பெற்றனர்.

சிக்கல் 2016 நவம்பரில் டிரம்ப் முதல் முறை வென்றபோது வந்தது. விண்ணப்பதாரர்கள் கொடுத்த ஆவணங்களின் நகல்கள் மாநகராட்சியிடம் இருந்தன. அவை மத்திய அரசின் கைக்குப் போனால்? மாநகராட்சி அவற்றை அழிக்க முனைந்தது. உடனே மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் அதைத் தடுக்க வழக்குத் தொடுத்தார்கள். 2017 ஏப்ரலில் தீர்ப்பு மாநகராட்சிக்குச் சாதகமாக வந்தது. புதிய விண்ணப்பங்களின் ஆவண நகல்களைச் சேமிக்கும் வழக்கமும் கைவிடப்பட்டது. இடைப்பட்ட அந்த மாதங்களில், அரசை நம்பிப் பெயர் கொடுத்த குடும்பங்கள் பட்ட கவலையை எண்ணிப் பாருங்கள்.

பட்டியல் என்றால் என்ன என்று முஸ்லிம்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2001க்குப் பிறகு இதே நியூயார்க்கின் காவல்துறை பள்ளிவாசல்களையும் தேநீர்க் கடைகளையும் மாணவர் சங்கங்களையும் இரகசியமாக வேவு பார்த்து விவரம் சேகரித்தது. 2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதை வெளிக்கொண்டு வந்தது. அதற்கெனச் செயல்பட்ட பிரிவு 2014இல்தான் கலைக்கப்பட்டது. ஆகவே 'என் விவரத்தை வைத்து என்ன செய்வீர்கள்?' என்ற லத்தீன் தாயின் கேள்வி நமக்கும் பழக்கமான கேள்வியே.

89 பேர்

அச்சத்தின் விலை என்ன? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமை பற்றிய கேள்வியைச் சேர்க்க டிரம்ப் அரசு முயன்றது. 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்ததால் கேள்வி வரவில்லை. அது விதைத்த பயமோ போகவில்லை. நியூயார்க் மாநகராட்சி 4 கோடி டாலர் ஒதுக்கி, உள்ளூர் அமைப்புகள் மூலம் மக்களைப் பெயர் பதியுமாறு அழைத்தது. அப்படியிருந்தும் நாடு முழுவதும் லத்தீன் மக்களில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினர் விடுபட்டதாகக் கணக்கெடுப்புத் துறையே பின்னர் ஒப்புக்கொண்டது. 2010இல் இது 1.5 விழுக்காடுதான்.

அந்தக் கணக்கெடுப்பின் முடிவில் நியூயார்க் மாநிலம் நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால் அந்த இடம் தப்பியிருக்கும்! மத்திய நிதிப் பங்கீட்டுக்கும் இந்த எண்ணிக்கைதான் அடிப்படை. அதாவது, ஒரு சமூகம் பயந்து ஒளிந்தால் நட்டம் மொத்த மாநிலத்துக்கும்தான். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களின் பெயர்களைக் கணக்கெடுக்கச் சொன்னதாக ஹதீஸ் உண்டு. எண்ணிக்கையின் அவசியத்தை நம் மார்க்கமும் அறியும். ஆனால் எண்ணுபவர் மீது நம்பிக்கை இருந்தால்தான் மக்கள் எண்ணப்பட முன்வருவார்கள்.

உயிர் நட்டமும் உண்டு. 2020 ஏப்ரலில் மாநகராட்சி வெளியிட்ட முதற்கட்டக் கணக்கில், கொரோனாவால் இறந்தவர்களில் 34 விழுக்காட்டினர் லத்தீன் மக்கள். அப்போது மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 29 விழுக்காடு. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகள், நெரிசலான வீடுகள், மருத்துவமனைக்குப் போனால் கட்டணமும் கைதும் காத்திருக்குமோ என்ற தயக்கம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

சந்தைக்கு வழி கேட்டவர்கள்

ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம் மதீனத்துத் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னபோது, அவர் அதை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்ட வரலாறு நமக்குத் தெரியும். குடியேறிகளில் பெரும்பாலோர் கேட்பதும் இதைத்தான். நியூயார்க்கோ பல பத்தாண்டுகளாக அந்த வழியை அடைத்து வைத்திருந்தது.

தெருவில் உணவல்லாத பொருட்களை விற்கும் பொது உரிமங்களின் எண்ணிக்கை 1979இலேயே 853 என வரையறுக்கப்பட்டது. உணவு வண்டிகளுக்கான பெர்மிட்டுகளுக்கும் 1980களில் உச்சவரம்பு வந்தது. விளைவு? பெர்மிட் வைத்திருப்பவர் அதைக் கள்ளச் சந்தையில் பல ஆயிரம் டாலருக்கு வாடகைக்கு விட்டார். தமாலே விற்கும் மெக்சிகோ பெண்ணும், வெட்டிய மாம்பழம் விற்கும் ஈக்வடார் பெண்ணும், ஹலால் வண்டி தள்ளும் எகிப்து, வங்கதேச சகோதரர்களும் இந்த ஒரே வலையில் சிக்கினார்கள்.

2021இல் மாநகர மன்றம் இயற்றிய சட்டம் ஆண்டுக்கு 445 புதிய உணவு பெர்மிட்டுகளுக்கு வழிவகுத்தது. நடைமுறையில் அவை மிக மெதுவாகவே வந்தன. 2025 செப்டம்பரில், முந்தைய மேயர் ஆடம்ஸின் வீட்டோவையும் மீறி, தெரு வியாபார விதிமீறல்களுக்கான குற்றவியல் தண்டனைகளை மன்றம் நீக்கியது. இது சிறிய விஷயமல்ல. குடியுரிமை இல்லாத ஒருவருக்குக் குற்ற வழக்கு என்பது அபராதத்தோடு முடிவதில்லை. நாடு கடத்தலில் போய் முடியலாம்.

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது

2017ஆம் ஆண்டின் 30ஆம் எண் உள்ளூர்ச் சட்டப்படி, மாநகராட்சி தன் முக்கிய ஆவணங்களைப் பத்து மொழிகளில் தர வேண்டும். அவற்றில் ஸ்பானிஷோடு வங்காளம், அரபு, உருது ஆகியவையும் உண்டு. லத்தீன் மக்கள் நீண்ட காலம் போராடித் திறந்த வாசல் வழியாக முஸ்லிம்களும் பயன் பெறுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. அதேவேளை, மெக்சிகோ, குவாத்தமாலா மலைக்கிராமங்களிலிருந்து வந்த பலருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. மிஸ்தெக்கோ, கிச்சே போன்ற மொழிகளே அவர்களின் தாய்மொழி. இவர்களிடம் துண்டறிக்கை போய்ச் சேராது. தெரிந்த மனிதர்தான் போக வேண்டும்.

வாக்கில்லாதவர்களுக்கும் இடமளிக்கும் ஒரு நல்ல முன்மாதிரியும் அங்கே இருக்கிறது. 2011இல் தொடங்கிய மக்கள் பங்கேற்பு நிதித் திட்டத்தில், பங்கேற்கும் ஒவ்வொரு தொகுதியிலும் குறைந்தது 10 லட்சம் டாலரை எதற்குச் செலவிடுவது என்று அப்பகுதியினரே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். 11 வயது நிரம்பிய எவரும், குடியுரிமை இல்லாதவரும், வாக்களிக்கலாம். ஷூராவின் சாயல் கொண்ட இந்த ஏற்பாடு இன்னும் பல தொகுதிகளுக்குப் பரவ வேண்டும்.

எதிர்பார்ப்பது என்ன?

இன்றைய சூழல் 2016ஐ விடக் கடுமையானது. 2025 ஏப்ரலில் வருமானவரித் துறையும் குடியேற்ற அமலாக்கத் துறையும் தகவல் பகிர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அது நீதிமன்றம் வரை சென்றது. மன்ஹாட்டனில் குடியேற்ற வழக்கு விசாரணைக்கு ஒழுங்காக வந்தவர்களே நீதிமன்றத் தாழ்வாரத்தில் கைதானார்கள். அரசு கூப்பிட்டால் போகலாமா என்ற சந்தேகம் மக்களுக்கு வருவது இயற்கை.

மேயரால் மத்திய அரசைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் தன் அலுவலகங்களைக் கட்டுப்படுத்த முடியும். உதவி கேட்டு வருபவரிடம் தேவைக்கு மேல் எந்த விவரமும் கேட்காதிருப்பது, கேட்டதைச் சேமிக்காதிருப்பது, சேமித்ததைப் பிறருக்குக் கொடுக்காதிருப்பது ஆகிய மூன்றும் அவர் கையில் உள்ளன. புதிய திட்டங்களை அறிவிப்பதற்கு முன் இவற்றை உறுதி செய்யட்டும். 2003இல் மேயர் புளூம்பெர்க் இட்ட ஆணையே, பொதுவாக மாநகராட்சி ஊழியர்கள் குடியேற்ற நிலையை விசாரிக்கக் கூடாது என்றது. மம்தானி அதிலிருந்து ஓர் அடி முன்னே போக வேண்டுமே தவிர, பின்னே வரக் கூடாது.

முஸ்லிம் சமுதாயத்துக்கும் இதில் பங்குண்டு. பியூ ஆய்வு மையத்தின் 2017 கணக்கெடுப்பின்படி அமெரிக்க முஸ்லிம்களில் 8 விழுக்காட்டினர் லத்தீன் வம்சாவளியினர். அவர்கள் இரு சமூகங்களுக்கும் இயல்பான பாலம். பள்ளிவாசல்களின் உணவு வங்கிகளும் சட்ட உதவி முகாம்களும் ஸ்பானிஷ் பேசும் அண்டை வீட்டாருக்கும் திறந்திருந்தால், மாநகராட்சியால் உண்டாக்க முடியாத நம்பிக்கையை நம்மவர்களால் உண்டாக்க முடியும்.

நம்மில் ஒருவர் பதவிக்கு வந்தார் என்பதில் பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம்மில் ஒருவர் அல்லாத ஏழை ஒருவர், அவருடைய அலுவலகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறாரா என்பதைக் கொண்டே அந்தப் பதவி நீதியாக நடத்தப்பட்டதா என்பது தெரியவரும். அந்த அமானிதத்தை நிறைவேற்ற அல்லாஹ் அவருக்கு வலிமை அளிப்பானாக!