கை நடுங்கலாம், முக்காலி நடுங்கக் கூடாது!

தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றங்கரையில் இருக்கிறது வீரகேரளம்புதூர். ஊற்றுமலை ஜமீன்தார்கள் அரண்மனை கட்டி வாழ்ந்த ஊர் அது.

அந்த ஊரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டில் ஆச்சிக்கு 80 வயது. பேரனுக்கு வெளியூரில் வேலை. குற்றால சீசனுக்கு ஊருக்கு வருகிறான். கையில் புதுக் காமிரா. விலை அதிகம்!

சாயங்காலம். திண்ணையில் ஆச்சி உட்கார்ந்திருக்கிறாள். பேரன் படம் எடுக்கிறான். காமிராவின் சின்னத் திரையில் படம் பளிச்சென்று தெரிகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த சீசன் வருகிறது. ஆச்சி இல்லை!

சுவரில் மாட்டுவதற்காக அந்தப் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார்.

"படம் ஆடியிருக்கிறது. பெரிதாகப் போட்டால் முகம் கலங்கலாகத்தான் வரும்" என்கிறார்.

இனி என்ன செய்ய முடியும்? வேறு காமிரா வாங்கலாம். வேறு ஆச்சியை வாங்க முடியுமா?

குற்றம் யாருடையது?

இந்த மாதிரி நேரத்தில் பலரும் காமிராவைத்தான் குறை சொல்லுகிறார்கள். "இன்னும் நல்ல காமிரா வாங்கியிருக்க வேண்டும்" என்று சொல்லி, மறுபடியும் பணத்தைக் கொட்டுகிறார்கள். அது தவறு.

காமிராவின் மேல் குற்றம் இல்லை. கையின் மேலும் குற்றம் இல்லை. மனிதன் கை என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். மூச்சு விட்டால் ஆடும். இதயம் துடித்தால் ஆடும். பொத்தானை அமுக்கினாலும் ஆடும்.

எவ்வளவு ஆடினால் படம் கெடும்? ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம்.

36 மில்லி மீட்டர் அகலத்தில் படம் பதியும் காமிரா ஒன்று. அதில் 50 மில்லி மீட்டர் லென்ஸ். படம் பதியும் நேரத்தில் அந்தக் காமிரா ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு திரும்புகிறது. கண்ணுக்கே தெரியாத அசைவு அது. ஆனால் அந்தப் படத்தை 24 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால், ஒவ்வொரு புள்ளியும் சுமார் ஒன்றரை மில்லி மீட்டர் நீளத்துக்கு இழுபட்டு நிற்கும். கண் இமை முடி எங்கே? முகச் சுருக்கம் எங்கே? எல்லாம் கரைந்து போகும்!

தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் 200 மில்லி மீட்டர் லென்சாக இருந்தால், கேடு நாலு மடங்கு.

இதற்காகப் படக்காரர்கள் ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள். 50 மில்லி மீட்டர் லென்ஸ் என்றால், வினாடியில் 50-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் படம் பதிந்துவிட வேண்டும். 200 என்றால், 200-ல் ஒரு பங்கு. அதற்கு மேல் நேரம் பிடித்தால் கையை நம்பக் கூடாது. நல்ல வெயிலில் இது சுலபம். திண்ணையிலும், கோவில் பிராகாரத்திலும், மாலை மங்கிய பிறகும் இது நடக்காது.

அப்போது வேண்டியது என்ன? மூன்று கால்!

ஏன் மூன்று?

வீட்டில் நாற்காலி ஆடும். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்போம். முக்காலி ஆடுவதில்லை. தரை மேடு பள்ளமாக இருந்தாலும், மூன்று காலும் தரையைத் தொட்டே நிற்கும். அதனால்தான் காமிரா ஸ்டாண்டுக்கும் மூன்று கால்.

படம் எடுக்கும் கலை பிறந்த காலத்திலேயே இந்த ஸ்டாண்டும் கூட வந்துவிட்டது.

1838-ல் பாரிஸ் நகரத்தின் ஒரு வீதியை டாகுவேர் என்பவர் படம் எடுத்தார். படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. வீதியில் போன வண்டிகளும் மனிதர்களும் படத்தில் விழவே இல்லை. ஒரே ஒரு மனிதர் மட்டும் தெளிவாக விழுந்தார். அவர் காலணிக்குப் பாலிஷ் போடுவதற்காக அசையாமல் நின்றவர்!

நம் நாட்டுக்கு வருவோம். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் படக்காரராக மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடிப்பாகத்தில் உள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக ஆக்கினார். கையில் பிடித்து எடுக்கக் கூடிய வேலையா அது?

அன்று ஸ்டாண்டு இல்லாமல் படமே இல்லை. இன்று காமிரா சிறுத்துவிட்டது. வேகம் வந்துவிட்டது. ஸ்டாண்டு மூலைக்குப் போய்விட்டது. நஷ்டம் யாருக்கு? படத்துக்குத்தான்!

"காமிராவே பார்த்துக்கொள்ளாதா?"

"இப்போது வரும் காமிராவிலும் செல்போனிலும் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் கருவி உள்ளே இருக்கிறதே?" என்று சிலர் கேட்பார்கள்.

உண்மை. அது நல்ல உதவி. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

குற்றாலம் பேரருவியை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடியில் 500-ல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால், நீர்த்துளிகள் முத்து முத்தாக நிற்கும். ஒரு வினாடி எடுத்தால், அருவி வெண்பட்டுப் போல வழியும். பாறை மட்டும் கூர்மையாகத் தெரியும். அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோதான் இப்படி எடுக்க வசதிப்படும். முழுதாக ஒரு வினாடி கையை அசைக்காமல் வைத்திருக்க எல்லோராலும் முடியுமா?

தென்காசி காசி விசுவநாதர் கோவிலின் 9 நிலைக் கோபுரத்தை விளக்கு ஏற்றிய பிறகு எடுப்பதும் இப்படித்தான். ஸ்டாண்டு இருந்தால், ஒவ்வொரு நிலையும் தனித் தனியாகத் தெரியும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. குடும்பப் படம் எடுப்பவர் படத்தில் இருக்க மாட்டார். பல வீடுகளில் அப்பா இல்லாத படங்கள். பல வீடுகளில் அம்மா இல்லாத படங்கள். ஸ்டாண்டில் காமிராவை நிறுத்தி, 10 வினாடி கெடு வைத்துவிட்டு ஓடி வந்து நின்றால், குடும்பம் முழுதாக விழும்!

எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் மலிவாக, பூப்போல இலேசாக ஒரு ஸ்டாண்டு இருக்கும். அதைத்தான் கை முதலில் எடுக்கும். எச்சரிக்கை! ஆடும் ஸ்டாண்டு, ஆடும் கையைவிட மோசம். கையை நாம் சந்தேகப்படுவோம். ஸ்டாண்டை நம்பி ஏமாந்து போவோம்.

முதலில் காமிராவையும், இருப்பதில் பெரிய லென்சையும் சேர்த்து எடை போடுங்கள். அதைப் போல இரண்டு மடங்காவது தாங்கும் ஸ்டாண்டாகப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ காமிராவுக்கு 3 கிலோவுக்குக் குறையாமல் தாங்க வேண்டும்.

அடுத்தது, கால். மூங்கிலில் கணு இருப்பது போல, ஸ்டாண்டு காலிலும் இணைப்புகள் உண்டு. இணைப்பு கூடக் கூட, கடைசித் துண்டு மெலிந்துகொண்டே போகும். 3 துண்டுக் கால், 5 துண்டுக் காலைவிட உறுதி. பஸ்ஸில் மடக்கி எடுத்துப் போக வேண்டியவர்கள் 4 துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நடுவில் ஏற்றி இறக்கும் தண்டு ஒன்று இருக்கும். அதை ஏற்றினால் உயரம் கிடைக்கும். ஆனால் முக்காலி ஒற்றைக் காலி ஆகிவிடும்! தண்டை ஏற்றாமலே கண் மட்டத்துக்கு வருகிற ஸ்டாண்டுதான் நல்லது.

அலுமினியமா, கார்பன் இழையா? கார்பன் எடை குறைவு. அதிர்வும் சீக்கிரம் அடங்கும். விலைதான் அதிகம். மலை ஏறுபவர்களுக்கு அது உதவும். வீட்டுக்கும் ஸ்டூடியோவுக்கும் கனமான அலுமினியமே போதும்.

கடையிலேயே சோதனை செய்யுங்கள். மூன்று காலையும் முழுதாக நீட்டி, உச்சியில் உள்ளங்கையை வைத்து அமுக்குங்கள். பிறகு இடமும் வலமும் திருகிப் பாருங்கள். கால் வளைந்தாலும், முறுக்கிக்கொண்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். பானை வாங்கும்போது தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

தலைதான் முக்கியம்!

கால் மட்டும் உறுதியாக இருந்தால் போதாது. காமிராவைத் தாங்குவது தலை. அது மூன்று வகை.

கைப்பிடி வைத்த தலை: மேலும் கீழும், இடமும் வலமும், சாய்வும் தனித் தனியாகத் திரும்பும். வேலை மெதுவாக நடக்கும். ஆனால் திருத்தமாக நடக்கும். கோபுரம், அருவி, கல்யாணக் குரூப் போட்டோ இவற்றுக்கு இதுவே சிறந்தது.

உருண்டைத் தலை: கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. ஒரு திருகைத் தளர்த்தினால் எந்தப் பக்கமும் திரும்பும். இறுக்கினால் நிற்கும். சின்னதாக இருக்கும். வேகமாக வேலை செய்யலாம். ஊர் சுற்றிப் படம் எடுப்பவர்களுக்கு ஏற்றது.

வீடியோ தலை: உள்ளே பிசுக்கான எண்ணெய் இருப்பதால் வெட்டி இழுக்காமல் வழுக்கிக்கொண்டு திரும்பும். ஊர்வலத்தையும் தேரையும் வீடியோ எடுப்பவர்களுக்கு இது வேண்டும்.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை அவசியம். காமிராவை மாட்டி, ஒரு புள்ளியைக் குறி வைத்து, தலையை இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். குறி கீழே இறங்குகிறதா? இறங்கினால் அந்தத் தலை உதவாது. கொத்தனார் ரசமட்டம் போலச் சின்னக் குமிழி ஒன்று தலையில் இருந்தால் இன்னும் நல்லது. கோபுரம் சாயாமல் நிற்கும்!

காற்றும் தண்ணீரும்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கத்தில் எப்படி வீசும் என்று சொல்லத் தேவையில்லை. காற்றாடி ஆலைகளே சாட்சி. அந்தக் காற்றில் ஸ்டாண்டை விரித்து, தாழ்வாக வையுங்கள். பையை நடுத் தண்டில் கட்டினால் கனம் சேரும். ஆனால் பை தரையைத் தொட வேண்டும். ஊஞ்சல் ஆடும் பை, ஸ்டாண்டையும் ஆட்டிவிடும்.

பொத்தானை விரலால் அமுக்காமல் 2 வினாடி கெடு வைத்து எடுங்கள். லென்சில் ஆட்டம் தடுக்கும் கருவி இருந்தால், ஸ்டாண்டில் வைக்கும்போது அதை நிறுத்திவிட்டும் ஒரு படம் எடுத்து, ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்டாண்டாலும் ஆகாத காரியம் உண்டு. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திப் பூ காற்றில் ஆடினால், ஸ்டாண்டு பூவைப் பிடித்து நிறுத்தாது. அங்கே வேகமாகத்தான் படம் எடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஓடும் தண்ணீருக்குள் ஸ்டாண்டை நட வேண்டாம்! 2024 மே 17-ந் தேதி, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்து போனான். மலையில் எங்கோ பெய்த மழை, கீழே நிற்பவருக்குத் தெரியாது. எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

குளிக்கிற கூட்டத்தின் வழியை மறிப்பதும், குளிக்கும் பெண்களின் பக்கம் காமிராவைத் திருப்புவதும் பண்பல்ல. கோவிலுக்குள் என்றால், அனுமதி கேட்டு வைக்க வேண்டும்.

ஒரு திருகு சொல்லும் பாடம்

காமிராவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு திருகுத் துளை இருக்கும். அதன் அளவு கால் அங்குலம். பிலிம் காலத்துக் காமிராவிலும் பெரும்பாலும் அதே அளவுதான். இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் அதே அளவுதான். செல்போனுக்குக்கூட, அந்தத் திருகில் மாட்டும் பிடி விற்கிறார்கள்.

காமிராக்கள் மாறிவிட்டன. திருகு மாறவில்லை!

ஆகவே, நல்ல ஸ்டாண்டு வாங்கினால், இந்தக் காமிராவுக்கும் உதவும்; அடுத்த காமிராவுக்கும் உதவும். மலிவு ஸ்டாண்டு மூன்று வாங்கி உடைப்பதைவிட, உறுதியானது ஒன்று வாங்குவதே சிக்கனம். புதுக் காமிராவுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் இதற்கு ஒதுக்குங்கள்.

திண்ணையில் ஆச்சி இன்னும் உட்கார்ந்திருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று காலை விரித்து வைக்கட்டும். ஆச்சியை நடுவில் உட்கார வைத்து, எல்லோரும் சுற்றி நிற்கட்டும்.

கை நடுங்கினாலும் பரவாயில்லை. படம் நடுங்காது!