இருக்குமிடம் அறிவதும் அறிவிப்பதும்



கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் இளைஞர் சிலர், மலையூர்களில் நோயுற்றோரிடம் வண்டியை விரைந்து அனுப்ப உதவும் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்க முற்பட்டுள்ளனர். நோயாளி இருக்குமிடத்தை எவ்வழியில் அறிவது என்பதில் அவர்களுக்குள் பிணக்கு எழுந்து, நம்மிடம் வந்தது. பங்குக் குருவிடம் வராத வழக்கும் உண்டோ!

கைப்பேசிக் கோபுரங்களைக் கொண்டே இடத்தைக் கண்டுவிடலாம், மின்கலமும் மிகுதியாகச் செலவாகாது என்றனர் ஒரு சாரார். கோபுரங்கள் நெருங்கி நிற்கும் சேலம் நகருக்கு இது ஓரளவு பொருந்தும். மலையிலோ கோபுரங்கள் அரிது. அவை காட்டும் இடம் சில கிலோமீட்டர் பிறழக்கூடும். மலைக் கிலோமீட்டர் சமவெளிக் கிலோமீட்டர் அன்று. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் மட்டும் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் வீட்டை அடைய வண்டி ஊரையே சுற்ற வேண்டும். வீடுகளின் வைஃபை பெட்டிகளைக் கொண்டு இடமறிதலும் நகரத்தார்க்கே உரிய வசதி.

மறுசாரார் செயற்கைக்கோளை நாடினர். ஜி.பி.எஸ். கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கின்றன. நான்கு கோள்களின் அலைகள் ஒருங்கே கிட்டினால், திறந்தவெளியில் ஏறக்குறைய 5 மீட்டர் அளவுக்கு இடம் துலங்கும், கோபுரம் தேவையில்லை. ஆனால் வானம் தெரிய வேண்டும். 1802இல் பரங்கிமலையருகே லாம்ப்டன் நில அளவையைத் தொடங்கிய நாளில் தொலைவு காண உதவியவை குன்றுகள். இன்றோ அதே குன்றுகள் பள்ளத்தில் இருப்போர்க்குக் கோள்களை மறைக்கின்றன. மேலும், கோள்களின் முழுப் பஞ்சாங்கத்தையும் விண்ணிலிருந்தே இறக்கிக்கொள்ள 12½ நிமிடம் ஆகும். கோபுரத் தொடர்பு இருப்பின் அக்குறிப்புகள் நொடிகளில் வந்துசேரும். எனவே ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கொள்வானேன்? கோபுரம் காட்டும் தோராய இடத்தை முதலில் கொண்டு வண்டி புறப்படட்டும்; கோள் காட்டும் இடம் பின்னர் அதனைத் திருத்தட்டும் என்றோம்.

வேறொன்றையும் வற்புறுத்தினோம். தன் இருப்பிடத்தைத் தான் அறிவது வேறு, பிறர்க்கு அறிவிப்பது வேறு. 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் சிக்கிய கன்னியாகுமரி மீனவர் பலருக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவுமில்லை. அவர்கள் நிலை கரைக்குத் தெரியவுமில்லை. ஜி.பி.எஸ். கேட்கும் செவியேயன்றிப் பேசும் வாயன்று. ஆகவே இணையம் அற்ற இடத்தில் குறுஞ்செய்தியாகவேனும் இடக்குறிப்பு செல்ல வழி வேண்டும்.

இளைஞர் காட்டிய திரையில் தசமப் புள்ளிக்குப்பின் ஆறு இலக்கங்கள் மின்னின. ஆறாம் இலக்கம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டரைக் குறிப்பது. கைப்பேசிக்கு அத்துணை அறிவு இல்லை. இத்தனை மீட்டர் பிழை இருக்கலாமென வட்டமிட்டுக் காட்டுவதே நேர்மை. நாள் முழுதும் ஒருவரைப் பின்தொடரும் ஒப்புதலைக் கேட்பதையும் நாம் ஏற்கவில்லை. உதவி கோரும் வேளையில் மட்டும் இடமறிந்தால் போதும்.

இறுதியாக, புளியமரத்தடி, கிணற்றுமேடு என அடையாளம் எழுத ஒரு கட்டமும் சேர்த்துள்ளனர். ஓட்டுநர்கள் முதலில் பார்ப்பது அதையே என்கின்றனர்.