படிக்கிற பிள்ளைக்கு எதற்கு ஆசாரி வேலை?

நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு கார் ஷெட்டில் எதிர்வீட்டுப் பையன் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்பு. அவன் பாட்டிக்கு மாத்திரை போட்டு வைக்க ஒரு சின்னப் பெட்டி செய்கிறான். பாதி அறுத்திருப்பான், அவன் அப்பா வந்தார். "ஏனுங்க வாத்தியாரே, படிக்கிற பையனுக்கு எதுக்குங்க ஆசாரி வேல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாதி அறுத்த பலகை இன்னும் வைஸில்தான் மாட்டியிருக்கிறது. நான் எடுக்கவில்லை.

அவர் நல்ல மனிதர். பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மேனேஜர். லேத்தில் நிற்பவர்களின் கைவேலையில்தான் அவருக்கு மாதச் சம்பளம் வருகிறது. அந்தக் கைவேலை தன் மகனுக்கு மட்டும் ஆகாது. இது அவர் ஒருவரின் குறை இல்லை. நம் ஊரின் குறை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

இந்த ஊர் எப்படி இந்த ஊர் ஆனது? 1893இல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஓட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றி, மறுபடி பூட்டினார். அவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து 1937இல் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரை வெளியே கொண்டு வந்தார்கள். அந்த மோட்டாரும் பம்பும் வெட் கிரைண்டரும்தான் கோயமுத்தூருக்குப் பேர் வாங்கித் தந்தவை. இன்று அதே ஊரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளை ஒன்று, ஸ்குரூவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று என்னிடம் கேட்டது. நான் சிரிக்கவில்லை. அதற்கு யார் சொல்லிக் கொடுத்தோம்?

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கைத்தொழில் ஒரு பாடம். அதே 1937இல், அக்டோபரில், வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேர்வானேன். கைத்தொழில் வழியாகவே எழுத்தும் கணக்கும் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு பள்ளிக்கு வந்து என்ன செய்தேன்? வாரத்தில் இருந்த கைத்தொழில் பீரியடைக் கணக்குக்குப் பிடுங்கிக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் இதைத்தான் செய்தேன். உளியும் சுத்தியலும் இருந்த மரப்பெட்டி பீரோவுக்குப் பின்னால் துருப்பிடித்தது. ஒரு பெற்றோர்கூட வந்து கேட்கவில்லை.

அரசும் பெரிதாகக் கேட்கவில்லை. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய். கையால் செய்யும் வேலைக்கு நாம் வைத்த மரியாதை அந்தத் தொகையிலேயே தெரிகிறது.

உடனே சிலர் கேட்பீர்கள்: "வாத்தியார் குலக்கல்விக்குக் கொடி பிடிக்கிறாரா?" நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டு வந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். ஊரே எதிர்த்தது. 1954இல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரி. ஆசாரி மகன் ஆசாரியாகவும் வண்ணார் மகன் வண்ணாராகவும் இருக்க வேண்டும் என்பது கல்வி இல்லை, விலங்கு.

ஆனால் நான் சொல்வது அதற்கு நேர் எதிர். மேனேஜர் மகன் இழைப்புளி பிடிக்கட்டும். ஆசாரி மகள் டாக்டருக்குப் படிக்கட்டும், அவளும் ரம்பம் பிடிக்கட்டும். "படிக்கிற பையனுக்கு எதுக்கு ஆசாரி வேல" என்ற கேள்விக்குள் ஒளிந்திருப்பது என்ன? அந்த வேலை வேறு யாரோ ஒருவரின் பிள்ளைக்கு உரியது என்ற நினைப்பு. குலக்கல்வியைச் சட்டத்தில் ஒழித்தோம். வீட்டு வரவேற்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறோம். பின்லாந்தில் 1866லேயே பள்ளியில் கைவேலை கட்டாயப் பாடம். அங்கே யாரும் ஜாதி கேட்டு உளி கொடுக்கவில்லை.

"இடம் எங்கீங்க?" என்பது அடுத்த சாக்கு. இரண்டு கார் நிறுத்த இடம் இருக்கிறது. ஓடாத டிரெட்மில்லுக்கு இடம் இருக்கிறது. ஆறடிக்கு இரண்டடி மேசைக்கு இல்லையா? என் மேசையைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் பழைய டேபிள் ஒன்றின் மேல் பிளைவுட் போட்டுப் பார்த்தேன். ரம்பத்தை இழுத்தால் டேபிளும் கூடவே வந்தது. செவ்வகம் சாயும், முக்கோணம் சாயாது என்று கரும்பலகையில் எத்தனை வருடம் வரைந்திருப்பேன்! அது புரிந்தது அன்றைக்குத்தான். பக்கத்துத் தெருவில் பழைய பங்களா ஒன்றை இடித்தபோது உத்தரக் கட்டைகளை விலை பேசி வாங்கினேன். கால்கள் நாலு அங்குலத் தடிமன். கீழே சுற்றிலும் சட்டம், பின்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம், எல்லாம் போல்ட் போட்டு முடுக்கியது, ஆணி இல்லை. மரம் காய்ந்து தளர்ந்தால் ஸ்பேனரை எடுத்து மறுபடி முடுக்கலாம். மேல்பலகை மூன்று அங்குலம். கிளாம்ப் மாட்ட அது இரு ஓரமும் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும். முன்பக்கம் மட்டும் பலகையும் காலும் ஒரே மட்டம். கதவுப் பலகையைக்கூட நிறுத்திக் கட்டலாம். அடித்தட்டில் இரண்டு மூட்டை மணல். இப்போது யார் தள்ளினாலும் அசையாது.

உயரத்துக்குக் கடைக்காரரைக் கேட்காதீர்கள். நேராக நின்று கையைத் தொங்க விடுங்கள். மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் உயரம். பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு மணைப்பலகை போதும். இடது மூலையில் இரும்பு வைஸ்; அதன் வாயில் மரத்துண்டு வைத்தால் மரமும் பிடிக்கலாம், அடையாளம் விழாது. பலகையில் வரிசையாக முக்கால் அங்குலத் துளைகள். அதில் முளை செருகினால் எந்த நீளத்துக் கட்டையும் நகராது. மேலே ஒரு மெல்லிய பிளைவுட் விரித்தால் சைக்கிள் செயின் கழுவலாம், மிக்ஸி பிரிக்கலாம், அயர்ன் பாக்ஸ் வயர் மாற்றலாம். கெட்டுப் போனால் பிளைவுட்டை மட்டும் மாற்றினால் போதும். மொத்தச் செலவு, ஒரு நல்ல செல்போன் விலைகூட ஆகவில்லை.

இந்த மேசையில் தப்பாக அறுத்தால் யாரும் திட்ட வேண்டாம். மூடி பொருந்தாது, அவ்வளவுதான். பையனே மறுபடி அளப்பான். நான் போட்ட சிவப்பு மை எதுவும் இவ்வளவு நேர்மையாகத் தப்பைச் சொன்னதில்லை.

எதிர்வீட்டுக்காரர் இதைப் படிப்பார் என்று தெரியும். ஏனுங்க, உங்க அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்கு இன்னும் மூன்று பலகைதான் பாக்கி. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஷெட் திறந்திருக்கும். பையனை அனுப்புங்க. முடிஞ்சா நீங்களும் வாங்க. மேசைக்கு இரண்டு பக்கம் உண்டு.