முதல் பிரஸ் ஒற்றைப் பிரஸ்தான், மாப்பிள்ளை!

நேரில் சொன்னால் மாப்பிள்ளை "சரிங்க அத்தை" என்பார். அப்புறம் நண்பர்கள் சொன்னதைத்தான் செய்வார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எழுதப் போவதை அவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

மகள் வீடு டெக்சாஸில், டாலஸ் பக்கம். நான் வந்து நான்கு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். முறைப்படி வாங்கிய .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றும், மான் வேட்டைக்கு ரைஃபிள் ஒன்றும் வைத்திருக்கிறார். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லையாம். சுட்டுமுடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். கராஜிலேயே மறுபடி தோட்டா கட்டப் போகிறார். சொந்த உபயோகத்துக்குக் கட்ட அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். (நம் ஊர் கதை வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். யாரும் முயற்சி செய்யாதீர்கள்.)

"ஒரு டீச்சர் தோட்டாவைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்க நாலு பேர் வருவீர்கள். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று நான் எழுத வரவில்லை. அந்த கராஜுக்கும் என் பேத்தி படுக்கிற அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். எழுத அது போதும்.

வேலை என்னவென்று முதலில் சொல்கிறேன். சுட்ட கூட்டிலிருந்து பழைய பிரைமரைத் தள்ள வேண்டும். விரிந்த கூட்டை டைக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புது பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்த வேண்டும். இந்த அழுத்துகிற வேலைக்குத்தான் பிரஸ். ஒற்றைப் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டை, ஒரு வேலை. பெரிய பிரஸ் வேறு மாதிரி. புரொகிரஸிவ் என்கிறார்கள். ஒரு தட்டில் நாலைந்து கூடுகள் சுற்றிவரும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும், இழுப்புக்கு ஒரு தோட்டா வெளியே விழும்.

நண்பர்கள் சொல்வது: "வாங்குறதே வாங்குற, பெருசா வாங்கு. ரெண்டு தடவை எதுக்குச் செலவு?"

இந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். சேர்ந்த மாதமே "என் பையன் எப்போ வாசிப்பான்?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. எழுத்து தெரியாத பிள்ளையும் பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கும். நடுவில் ஒரு சொல்லை மாற்றி வைத்தால் விழிக்கும். எங்கே தப்பு என்று அதற்கே தெரியாது. பெரிய பிரஸ் முன்னால் உட்காரும் புது ஆளும் அதே பிள்ளைதான். ஐந்து வேலையும் ஒன்றாக நடக்கும்போது கைக்கு ஏதோ இடறினால், இடறியது எந்த வேலை என்று அவருக்குத் தெரியாது.

பள்ளியில் தப்பு செய்தால் சிவப்பு மையில் சுழிப்போம். இங்கே? .38 ஸ்பெஷல் 1898 வாக்கில், கரும்மருந்துக் காலத்தில் வந்த கூடு. உள்ளே இடம் அதிகம். இன்றைய புகையற்ற மருந்து அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறிப்போய் இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, குண்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். வெளியே பார்த்தால் நல்ல தோட்டா. சுட்டால் கையிலேயே துப்பாக்கி வெடிக்கலாம். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள் சிக்கவைக்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போய்விடும்.

கற்பனை பேசவில்லை. போன மாதம் நண்பர் வீட்டு கராஜில் மாப்பிள்ளை பெரிய பிரஸ்ஸை ஓட்டிப் பார்த்தார். அந்த வகையில் தட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும். நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். தட்டைத் திருப்பினோமா இல்லையா என்ற சந்தேகம் ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டிய அத்தனை தோட்டாவையும் பிரித்தார்கள். ஒன்றில் மருந்து இரட்டிப்பு. மாப்பிள்ளை முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது இதில் படித்துக்கொள்வாள்.

ஒற்றைப் பிரஸ்ஸில் தப்பே வராதா? வரும். ஆனால் அங்கே ஐம்பது கூட்டையும் துளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, மருந்து போட்டு, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கலாம். நாற்பத்தொன்பதில் ஒரு மட்டம், ஒன்றில் மட்டும் வேறு மட்டம் என்றால் கண்ணில் குத்தும். பெரிய பிரஸ்ஸிலும் எட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் ஒரு கை கைப்பிடியில், ஒரு கை குண்டில் இருக்கும்போது, கண் எங்கே போக வேண்டும் என்பது பழக்கத்தில்தான் வரும். அந்தப் பழக்கத்தைத் தருவது ஒற்றைப் பிரஸ்.

"பெரிய பிரஸ்ஸிலேயே ஒரு நேரத்தில் ஒரு கூடு போட்டுப் பழகலாமே?" நியாயமான கேள்வி. பழகலாம். ஆனால் மணிக்கு நூற்றுக்கணக்கில் தரும் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு எத்தனை பேர் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள்? மணிக்கு ஐம்பது வருகிறதே, மெதுவாக இருக்கிறதே என்கிறார்கள். மாப்பிள்ளை வாரத்துக்குச் சுடுவதே ஐம்பதுதான்!

செலவும் வீணில்லை. டைகளின் மரை பெரும்பாலான கம்பெனிகளில் ஒரே அளவு: எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. இன்று வாங்கும் டை பெரும்பாலும் நாளைய பெரிய பிரஸ்ஸுக்கும் ஆகும். ரைஃபிள் தோட்டாவுக்கு ஒற்றைப் பிரஸ்ஸையே கடைசிவரை வைத்திருப்பவர்கள் ஏராளம்.

ஆகவே, மாப்பிள்ளை: முன்பக்கம் திறந்த சி வடிவம் வேண்டாம், நாலு பக்கமும் மூடிய ஓ வடிவச் சட்டம் வாங்குங்கள். ரைஃபிள் கூட்டை அழுத்தும்போது வளையாது. ஆடாத மேசையில் போல்ட் போட்டு முடுக்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல தராசு வாங்குங்கள். 15.4 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு கிராம். நீங்கள் கிரெயினில் பத்தில் ஒரு பங்கை நிறுக்கப் போகிறீர்கள். மருந்துக் கம்பெனியின் அச்சிட்ட கையேடு வாங்குங்கள். வீடியோவில் யாரோ சொன்ன அளவு வேண்டாம். வேலை நேரத்தில் போன் கராஜுக்குள் வரக் கூடாது. பழைய பிரைமரில் ஈயத் தூசி இருக்கும். கை கழுவாமல் பாப்பாவைத் தூக்கக் கூடாது.

நான் விசிட்டர் விசாவில் வந்தவள். தோட்டாவைக் கையில் வைத்திருக்கவே இங்கே சட்டம் பொதுவாக இடம் தராது. அதனால் பரீட்சை ஹாலில் நிற்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். பார்க்கத் தடையில்லை.

பெரிய பிரஸ்ஸுக்குத் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம். முடியட்டும். அடுத்த வருஷமும் தள்ளுபடி வரும்.