தனியாவா வந்தீங்க?

தனியாக ஊர் சுற்றுகிறவர்களில் நம் ஜனங்களுக்குத் தெரிந்தது மூன்றே ரகம்தான். சாமியார், மருந்துக் கம்பெனி ரெப், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர். இந்த மூன்றிலும் சேராத ஓர் ஆசாமி ரோட்டில் தட்டுப்பட்டால் போதும், ஊருக்கே மண்டை குடையும். அந்த ஆசாமி புடவை கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்!

ஸ்காட்லாந்தில் கதை வேறு. என்னோடு பி.காம். படித்த தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள். போன வருஷம் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத் தன்னந்தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வடக்கு ஓரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். 'நார்த் கோஸ்ட் 500' என்று 2015-ல் ஆரம்பித்து வைத்த சுற்றுலாப் பாதையாம். இன்வர்னெஸ் கோட்டையில் தொடங்கி மலை, ஏரி, கடற்கரை என்று 516 மைல் வளைய வந்து அதே கோட்டையில் முடியும். நம் கணக்கில் 830 கிலோமீட்டர். பல இடத்தில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்றே அங்கங்கே இடம் விட்டு, போர்டும் வைத்திருக்கிறார்கள். ஒதுங்கி வழி விட்டவருக்கு மற்றவர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். (நம் ரோட்டிலும் கையைத் தூக்குவார்கள். அர்த்தம்தான் வேறு.)

அவள் அனுப்பிய போட்டோக்களில் ஒன்றைப் பார்த்து அசந்துவிட்டேன். குன்றின் உச்சியில் மூன்று வளைவும் பக்கத்தில் தூண்களுமாக ஒரு கல் கட்டடம். பெயர் ஃபைரிஷ் நினைவுச் சின்னம். அது எதனுடைய மாதிரி தெரியுமோ? நம் நாகப்பட்டினம் கோட்டை வாசலுடையது! ஹெக்டர் மன்றோ என்ற ஸ்காட்லாந்துத் தளபதி 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் இருந்தவர். அதே வருஷக் கடைசியில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊருக்குப் போனதும் 1782-ல் அந்த வாசலைத் தன் குன்றின் மேல் கட்டினார். வேலையில்லாமல் கிடந்த ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கட்டியதாம். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று, ஏற்றிய கல்லை அவரே ராத்திரியில் உருட்டிவிடுவார் என்றும் அங்கே ஒரு கதை உண்டு. நம்மூர் நூறு நாள் வேலைக்கு அண்ணன் முறை!

ஆக, எங்கள் பக்கத்து வாசலைப் பார்க்க என் தோழி எங்கேயோ வடகோடியில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நானோ இங்கே ஸ்ரீமுஷ்ணத்தில் உட்கார்ந்துகொண்டு, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்திலிருக்கும் கிள்ளையை இன்னும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் எங்கள் ஊர் பூவராகப் பெருமாளே வருஷா வருஷம் மாசி மகத்துக்கு அங்கே போய்த் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார்.

"நானும் ஒரு நடை கிள்ளைக்குப் போயிட்டு வரேங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"யாரோட?"

"ஸ்கூட்டரோட."

பேப்பர் கீழே இறங்கியது. உள்ளேயிருந்து அத்தை குரல் வந்தது: "ஏம்மா, பெருமாளே தனியாப் போறதில்ல. பல்லக்கு, குடை, மேளம், பட்டாச்சாரியார்னு நூறு பேரோட போறார்…"

வாஸ்தவம்தான். பூமிதேவியையே கடலுக்கடியிலிருந்து தூக்கி வந்தவருக்கு அத்தனை துணை தேவைப்படுகிறது. எனக்கு ஒரு ஹெல்மெட் போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

*

காட்டுமன்னார்கோயில் வரைக்கும் ரோடு பாதி, உளுந்து பாதி. ஸ்காட்லாந்தில் ரோட்டின் குறுக்கே ஆடு நிற்குமாம். இங்கே செடியோடு உளுந்தைப் பரப்பி, போகிற வண்டியெல்லாம் இலவசமாக மிதித்துக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. நானும் என் பங்குக்கு நாலு படி அடித்துக் கொடுத்திருப்பேன். காரியம் முடிந்ததும் குச்சியோடு நின்ற பெரியவர் கேட்டார்: "தனியாவா போறீங்க?"

கணக்கில் ஒன்று.

காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் பிறந்த ஊர். யாரோ பாடிக்கொண்டு வந்த பத்துப் பாட்டைக் கேட்டுவிட்டு, மீதி ஆயிரம் எங்கே என்று தேடிக்கொண்டு தாமிரபரணிக் கரை வரைக்கும் போனவர் அவர் என்பது வைணவ மரபு. நாலாயிரமும் நம் கைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பயணத்தால்தான் என்பார்கள். அவரைப் போகிற வழியில் யாராவது "தனியாவா?" என்று மறித்தார்களா என்று மரபு சொல்லவில்லை.

லால்பேட்டை தாண்டி வீராணம் ஏரிக்கரை. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. வீரநாராயணன் என்பது அவன் பட்டப் பெயர், அதுதான் வீராணமாகச் சுருங்கியது. கரை மேலே ஏறியதும் காற்று முகத்தில் அடிக்கிறது பாருங்கள், கொடுத்த பெட்ரோல் காசு அங்கேயே வசூல்! தமிழ் நாவலில் தனிப் பயணத்துக்கென்று பிறந்த வந்தியத்தேவன், 1950-ல் 'கல்கி' இதழில் முதல் அத்தியாயத்திலேயே குதிரையில் வந்து நின்றது இந்தக் கரையில்தான். அவனையும் யாரும் கேட்கவில்லை. 2004-லிருந்து இந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். தண்ணீரைக்கூட யாரும் கேட்பதில்லை!

தண்ணீர் என்றதும் ஒரு விஷயம். கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். ஆம்பளைகள் பயணம் கிளம்பினால் வண்டிக்குக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாங்கள் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைப்போம். என் தோழி அனுப்பிய போட்டோவுக்கெல்லாம் நான் கேட்ட முதல் கேள்வி, "வழியில பாத்ரூம் இருக்காடி?" என்பதுதான். பெட்ரோல் பங்க்கில் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் நிறுத்திய பங்க்கிலும் கழிப்பறை இருந்தது. பூட்டும் இருந்தது. சாவி மேனேஜரிடம். மேனேஜர் சாப்பாட்டுக்கு. பெட்ரோல் போட்ட பையன் ஆறுதலாகக் கேட்டான்: "தனியாவாக்கா வந்தீங்க?"

கணக்கில் ஐந்து.

*

ஆறாவது, ஏரிக்கரையோரம் ஒரு டீக்கடையில். கடைக்கார அக்காவுக்கு ஐம்பது வயசிருக்கும். அதே கேள்விதான். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "வா, வீடு பின்னாலதான் இருக்கு. போயிட்டு வா, அப்புறம் டீ குடிக்கலாம்" என்றார்.

இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை போலீஸ் விசாரணையாகவே கேட்டுப் பழகிவிட்டதால், இதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருப்பது உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டீ ஆற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "கிள்ளைல என்ன வேலை?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாக்கத்தான்."

"சும்மாவா?" டம்ளர் அந்தரத்தில் நின்றது. "நானும் மாசி மகத்துக்கு ஒரு தடவை போகணும்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து நெனைக்கிறேன். அடுத்த வருஷம் பாக்கலாம், அடுத்த வருஷம் பாக்கலாம்னே போயிடுச்சு."

"டவுன் பஸ்லதான் நமக்கு டிக்கெட் கிடையாதுன்னு 2021-லயே சொல்லிட்டாங்களே!"

"டிக்கெட் இல்லதான். போறதுக்குக் காரணம் வேணுமில்ல?"

ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பேங்க், பொண்ணு வீட்டுப் பிரசவம். இவையெல்லாம் காரணம். 'சும்மா' என்பது ஆம்பளைகளுக்கு மட்டும் வழங்கப்பட்ட காரணம். எங்கள் வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை "சும்மா விருத்தாசலம் வரைக்கும்" போய் வருகிறார். பீங்கான் பொம்மைகூட வாங்கி வந்ததில்லை. நானும் காரணம் கேட்டதில்லை.

'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர் வந்தது. அதைச் சொல்லிச் சோம்பேறிகளைக் கேலி செய்வது நம் வழக்கம். யோசித்துப் பாருங்கள். சிதம்பரம் ஒன்றும் அவருக்கு எட்டாத தூரத்தில் இல்லை. பிறப்பைக் காட்டி உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்த மனுஷனுக்கு, இன்றைக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்ல வரும்? அவருக்கு நேர்ந்த அநியாயத்தின் பக்கத்தில் எங்கள் சங்கடத்தை வைக்க முடியாது. ஆனால் 'நாளைக்கு' என்ற வார்த்தை எப்போதும் சோம்பலில் வருவதில்லை என்பதை அவரிடமிருந்து தெரிந்துகொள்ளலாம்.

*

சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் தாண்டிக் கிள்ளை போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மாசி மகத்தன்று பெருமாள் இங்கே வரும்போது, தர்கா பக்கத்து இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு அழைத்து மரியாதை செய்வார்கள். பெருமாள் பிரசாதம் தர்காவுக்குப் போகும். தலைமுறை தலைமுறையாக நடக்கிற சங்கதி. தர்கா பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்த பாய் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்ரீமுஷ்ணமா? நம்ம சாமி ஊரு! தனியாவா வந்தீங்க? உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க."

முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு செம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தேன்.

பி.காம். புத்தி போகாதல்லவா? கணக்கை ஒப்படைத்துவிடுகிறேன். பெட்ரோல் 340, டீ வடை 45, பூ 30, ஆக மொத்தம் 415 ரூபாய். "தனியாவா?" கேள்விகள் ஒன்பது. அதில் விசாரணை ஏழு, உபசாரம் இரண்டு. அந்த ஏழையும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் மாற்ற வேண்டும். பங்க் சாவியை ஆணியில் மாட்டி வைத்தாலே ஒன்று குறையும்.

டீக்கடை அக்காவிடம் நம்பர் வாங்கி வந்திருக்கிறேன். வருகிற மாசி மகத்துக்கு ஸ்கூட்டரில் பின்னால் அவர். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்கு இப்போதே கவலை.

"சும்மான்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னும் பழகவில்லை. நாள் இருக்கிறது.